ஜாக்கெட்டுக்கு முன் பாயைக் கட்டுங்கள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் மதுரை, திருச்சி, கோவைப் பக்கத்துக் குடும்பங்கள் மலையேறக் கிளம்பிவிடுகின்றன. முன்பெல்லாம் லாட்ஜ் அறையோடு சரி. இப்போது ஓர் இரவாவது டென்ட்டில் படுக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள், பெற்றோருக்கும் ஆசைதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. ஆளுக்கொரு தடி ஜாக்கெட், ஸ்வெட்டர், கையுறை, குரங்குக் குல்லா என்று வாங்கி நிறைத்ததில் பெட்டி மூட மறுக்கும். சின்னவனை அதன்மேல் உட்காரவைத்து ஜிப்பை இழுப்பார்கள். கீழே விரிக்க என்ன எடுத்தோம் என்று கேட்டால், “அங்கே டென்ட்காரரே மெத்தை கொடுப்பாராம்” என்பதுதான் பதில். அன்றைய ராத்திரியின் தூக்கம் தொலைவது அந்தப் பதிலில்தான். குளிரைத் தடுப்பது துணியின் கனம் அல்ல. துணிக்குள் அசையாமல் நிற்கும் உலர்ந்த காற்று. அந்தக் காற்று முதலில் நசுங்குவது நம் முதுகுக்கு அடியில். ஆகவே, பிள்ளைகளோடு குளிரில் தங்கப் போகிறவர்களின் பணமும் பெட்டியிலுள்ள இடமும் முதலில் கீழே விரிப்பதற்குப் போக வேண்டும், மேலே போடுவதற்கு அப்புறம் போனால் போதும் என்பது என் கட்சி.

முதலில், எவ்வளவு குளிர் என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம் வெப்பநிலை குறைகிறது. கொடைக்கானல், மதுரையைவிட ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் மார்கழி விடியற்காலை 20 டிகிரி என்றால் கொடைக்கானலில் 7 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். இந்தக் கணக்கு காற்றுக்கு மட்டும்தான். மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுவிடும். அதனால் ஆளுயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே புல் நுனியில் நீர் உறைந்துபோகும். மலைக்காரர்கள் இதை நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்தே சொல்கிறார்கள்: துளியாக விழுவது ஒன்று, உப்புத் தூவினாற்போல் வெளுப்பது மற்றொன்று. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். அந்தச் செய்தி பத்திரிகையில் வரும்போது ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். தலைகுந்தா, காந்தல், ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா. கொடைக்கானல் என்றால் ஜிம்கானா, பாம்பார்புரம். திரும்பத் திரும்ப இவையேதான். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் குளம்போல் தேங்கிவிடும். பகலில் பச்சைப்பசேலென்று கண்ணைப் பறிக்கிற ஓடையோரப் புல்வெளிதான் ராத்திரியில் அந்த வட்டாரத்திலேயே அதிகம் குளிர்கிற இடம். சரிவில் கொஞ்சம் மேலே, காற்றுக்கு முதுகு காட்டி டென்ட் போட்டால், ஒரு காசு செலவில்லாமல் சில டிகிரி மிச்சம்.

இது தெரியாமல் மலையில் யாரும் காலம் தள்ளியிருக்க முடியாது. நீலகிரித் தோடர்களின் பழைய குடிசையைப் பாருங்கள்: பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த வடிவம், ஜன்னல் கிடையாது, தவழ்ந்து நுழைய வேண்டிய அளவுக்குக் குட்டி வாசல். அவர்கள் போர்த்துகிற புத்துக்குளி தடித்த பருத்திப் போர்வை. உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்கிற அளவுக்குப் பெரியது. வீட்டுக்குள் காற்றைக் கொஞ்சமாக வைத்துக்கொள், அதை அசையவிடாதே என்ற ஒரே எண்ணம்தான் இரண்டிலும். இன்றைக்குக் கடையில், “நிமிர்ந்து நிற்கலாம் சார், எட்டுப் பேர் படுக்கலாம்” என்று காட்டுகிற பெரிய டென்ட் இதற்கு நேர் எதிர். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாலு பேர் டென்ட்டே போதும். நெருங்கிப் படுத்தால் இன்னும் நல்லது.

இனி தரைக்கு வருவோம். ரஜாயோ ஸ்லீப்பிங் பேகோ சூடு தருவதில்லை. உடம்பு தருகிற சூட்டை, தன் பஞ்சுக்குள் சிக்கிய காற்றைக் கொண்டு பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிள்ளை அதன்மேல் படுத்ததும் அடியில் இருக்கிற பஞ்சு அப்பளமாக நசுங்குகிறது. காற்று வெளியேறிவிட்டால் மிஞ்சுவது வெறும் துணி. அந்தத் துணிக்குக் கீழே, விடிய விடியக் குளிர்ந்துகொண்டே போகிற ஈரமண். மேலே எத்தனை போர்வை போட்டாலும் சூடு கீழ்ப்பக்கமாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்கிற கதைதான். இங்கே ஒரு பொறி உண்டு. டென்ட்காரர் தருகிற காற்றடைத்த மெத்தை பார்க்க ஏகச் சொகுசாக இருக்கும். அதற்குள்ளும் காற்றுத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது பெரிய அறைகளில் அடைபட்ட காற்று. உடம்போடு ஒட்டிச் சூடானதும் உள்ளேயே சுழன்று அந்தச் சூட்டைத் தரையில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறது. சின்னச் சின்ன அறைகளாக, நகர வழியின்றிச் சிறைப்பட்ட காற்றுதான் வேண்டும். அது ஃபோம் பாயில் இருக்கிறது, வைக்கோலில் இருக்கிறது, சுமாரான அளவில் ஜமுக்காளத்திலும் இருக்கிறது.

எனவே அடுக்கு இப்படி அமையட்டும். மண்மேல் தார்ப்பாய், அது டென்ட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலே வடிகிற பனித்தண்ணீரை ஏந்தி நேரே அடியில் அனுப்பும். டென்ட்டுக்குள் யோகா பாய் அல்லது ஃபோம் பாய், முடிந்தால் இரண்டு. அதன்மேல் ஜமுக்காளம். அதற்கும் மேலேதான் ஸ்லீப்பிங் பேகோ ரஜாயோ. மலையேற்றத்துக்கென்றே விற்கிற பாய்களில் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சூட்டைக் கீழே விடாமல் தடுக்கும் திறனின் அளவு அது. பாய்மேல் பாய் போட்டால் இந்த எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம்: இரண்டும் இரண்டும் நாலு. ஆகவே, விலையுயர்ந்த ஒரே பாயைத் தேடி அலைய வேண்டியதில்லை. காற்று மெத்தைதான் கிடைத்தது என்றால் அதன் மேலே ஃபோம் பாயை விரித்துவிடுங்கள்.

“நாங்கள் மைனஸ் 5 டிகிரி போட்ட ஸ்லீப்பிங் பேக் வாங்கியிருக்கிறோமே, அது போதாதா?” என்று கேட்கலாம். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரம் குளிருக்கென்று மூன்று எண்களைத் தருகிறது. சராசரிப் பெண் ஒருவர் சாவகாசமாகப் படுத்துத் தூங்கக்கூடியது முதல் எண். சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிப்பது இரண்டாவது. மூன்றாவது, ஆள் சாகாமல் பிழைப்பதற்கான எல்லை. தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பையின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது பல நேரம் இந்தக் கடைசி எண்தான். இன்னும் இரண்டு சங்கதிகள். இந்தச் சோதனையைச் சூடேற்றிய பொம்மை ஒன்றைப் படுக்கவைத்துச் செய்கிறார்கள். அப்போது பைக்கு அடியில் சூடு தடுக்கும் பாய் ஒன்றை விரிக்கத் தவறுவதில்லை. பாயில்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. இரண்டாவது, இந்தத் தரம் பெரியவர்களின் உடம்பை வைத்துப் போட்டது. குழந்தைகளுக்கான பைகளுக்குப் பொருந்தாது. பெரியவர்களின் பையிலேயே பிள்ளையைப் படுக்கவைப்பதானால், காலுக்குக் கீழே தொங்குகிற வெற்றிடத்தை மடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். காலியிடத்தையெல்லாம் சூடாக்க அந்தக் குட்டி உடம்பால் ஆகாது.

ஆகாததற்குக் காரணம் உண்டு. குழம்புச் சட்டியைவிடக் கிண்ணத்தில் ஊற்றிய குழம்பு சீக்கிரம் ஆறுகிறதல்லவா, அதே காரணம். உடம்பு சிறிதாகச் சிறிதாக, எடைக்கு ஏற்ற தோல்பரப்பு கூடிக்கொண்டே போகும். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால், பெரியவர்களைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. குரங்குக் குல்லாவை இங்கேதான் பேச வேண்டும். நம் ஆட்கள் மலையில் அதைப் போட்டுக்கொண்டு திரிவதைக் கேலி செய்யாதவர் இல்லை. உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போகிறது என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. பெரியவர்களைப் பொறுத்தவரை அது பிசகு, தலையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு சூடுதான் போகும், பத்தில் ஒரு பங்குக்குள். ஆனால் கைக்குழந்தைக்கு உடம்பின் மொத்தத் தோலில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்டத் தலைதான். தீக்காயத்தின் அளவைக் கணக்கிட மருத்துவர்கள் வைத்திருக்கிற வாய்பாட்டிலேயே பெரியவர் தலைக்கு 9 சதவீதம், சிசுவின் தலைக்கு 18. ஆக, “குல்லா போடு” என்று வீட்டில் அப்பத்தா சொன்னது சிறுசுகளுக்கு முழுக்கச் சரி, அதைக் கேலி செய்த அப்பாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

உலர்ந்த காற்று என்றேன். அசைவைவிட ஈரம் இன்னும் கெட்டது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். சமவெளிக்கு அது வரம், குளிரில் அதுவே வினை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. கம்பளி குத்துகிறது என்று பிள்ளை கழற்றி எறிந்தால், விளையாட்டுப் பனியனாக வருகிற பாலியெஸ்டரை உள்ளே போட்டு, மேலே ஃப்ளீஸ் போடலாம். மெல்லியதாக மூன்று அடுக்கு, தடியாக ஒன்றைவிட மேல். ஓடியாடும்போது ஒன்றைக் கழற்றலாம், உட்கார்ந்ததும் மாட்டலாம். பிள்ளைகளுக்கு ஈரம் வருகிற வழிகள் பெட்டி கட்டுகிறவருக்குத்தான் தெரியும். வத்தலகுண்டிலிருந்து ஏறும்போதோ கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ பின்சீட்டில் ஒரு வாந்தி அநேகமாக நிச்சயம். மாற்றுச் சட்டை டிக்கியின் அடியில் இருந்தால் பிள்ளை மேலே போய்ச் சேரும் வரைக்கும் ஈரத்தோடுதான் இருக்க வேண்டும். ஒரு முழு செட் கைக்கெட்டுகிற பையில் இருக்கட்டும். இரண்டாவது, ராத்திரி மூத்திரம். குளிரில் எல்லோருக்கும் அதிகம் சுரக்கும், அந்த இருட்டில் எழுந்து போகப் பிள்ளைகள் பயந்து அடக்குவார்கள், விளைவு பைக்குள்தான். மூடியுள்ள ஒரு சின்ன பக்கெட்டை டென்ட் வாசல் மறைப்பில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. படுக்கும்போது போடுவதற்கென்று ஒரு ஜதை உடுப்பைத் தனி கவரில் கட்டி, அன்றைக்குப் பகலில் அதைத் தொடாமல் வையுங்கள். காலுறையை மட்டும் ஆளுக்கு நாலு ஜதை.

மூன்றாவது ஈரம் நம் மூச்சு. நாலு பேர் விடிய விடிய விடுகிற மூச்சில் ஒரு சொம்புத் தண்ணீருக்குக் குறையாமல் இருக்கும். எல்லாவற்றையும் இழுத்து மூடினால் அது டென்ட்டின் கூரையில் படிந்து, விடியும்போது போர்வைமேல் சொட்டும். காற்று அசையக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது திறந்து வை என்கிறேனே என்றால், முரண் இல்லை. அசையக் கூடாதது உடம்போடு ஒட்டிய காற்று. கூரைக்குக் கீழே இருப்பது போய்வந்துகொண்டிருக்க வேண்டும். மேலுள்ள வலை ஜன்னலில் நாலு விரற்கடை திறந்திருக்கட்டும். முகத்தைப் பைக்குள் இழுத்துக்கொண்டு படுக்கிற பிள்ளையின் மூக்கை வெளியே எடுத்துவிடுங்கள்.

திறந்து வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் விட்டுக்கொடுக்க முடியாத இடம் அதுதான். “இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு கரிச்சட்டியை உள்ளே வைத்தால் கதகதப்பாக இருக்குமே” என்று யாராவது சொல்வார்கள். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்களில் 8 பேர் டாமன் என்ற மலையூரில் ஒரே அறையில் தங்கி உயிரிழந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். குளிருக்காக அறைக்குள் கேஸ் ஹீட்டரை ஏற்றிவிட்டுப் படுத்திருந்தார்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் கரியோ கேஸோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, இருமல்கூட வராது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். பார்பிக்யூ முடிந்து சாம்பல் பூத்த கரி அணைந்ததுபோல் தெரியும். ஆபத்து அப்போதும் குறைவதில்லை. சமையலும் கணப்பும் வெளியே, அதுவும் இடத்துக்காரர் அனுமதித்த இடத்தில் மட்டும்.

உடம்புதான் அடுப்பு என்றால் விறகு சாப்பாடு. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. அதனால் படுக்குமுன் கடலைமிட்டாயோ நெய் ஊற்றிய கிச்சடியோ நன்றாக வேலை செய்யும். ஆனால் தின்றது போக மீதியை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், காட்டுப்பன்றிக்கு அழைப்பு விடுத்தமாதிரி. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்ட் போட்டுத் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தபிறகு டென்ட் தங்கல்கள்மீது கெடுபிடி அதிகமானது. முறையான அனுமதி உள்ள இடமா என்று முன்பணம் கட்டுமுன்னே கேட்டுவிடுவது நல்லது. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸும் வேண்டும். சின்ன கேஸ் அடுப்பைக் கொண்டுபோகிறவர்கள், வெறும் பியூட்டேன் அடைத்த டப்பா பூஜ்ய டிகிரியை ஒட்டிப் படுத்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். ராத்திரி அதை ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்தால் காலைக் காபிக்கு உதவும். படுக்கைக்கு ஒரு தந்திரம்: எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தடித்த காலுறைக்குள் நுழைத்துப் பிள்ளையின் கால்மாட்டில் போடுவது. சூடு விடாத ஃபிளாஸ்க்கைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. சூட்டை வெளியே விடாததுதானே அதன் பிழைப்பு.

“எல்லாம் சரி, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே, நோயை வாங்கிக்கொண்டா வருவது” என்ற ஆட்சேபம் வெறும் பயம் அல்ல. சளியைத் தருவது வைரஸ், குளிர் அல்ல என்று மருத்துவம் படித்தவர்கள் சொல்வது உண்மை. நார்வே, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் கைக்குழந்தைகளைப் பூஜ்யத்துக்குக் கீழேயும் வெளியே தள்ளுவண்டியில் தூங்கவைக்கிறார்கள். ஆனாலும் 2005-இல் பிரிட்டனின் கார்டிஃபில் நடந்த ஆய்வு ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. 180 பேரில் பாதிப்பேரைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால்வைத்து உட்காரச் சொன்னார்கள். அடுத்த நாலைந்து நாளில் அந்த 90 பேரில் 13 பேர் சளி என்றார்கள். கால் நனைக்காத 90 பேரில் 5 பேர். ஏற்கனவே உடம்பில் பதுங்கியிருந்த கிருமிக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என் கண்ணுக்குப் படுவது, அங்கே குளிர்ந்தது ஊர்க் காற்று அல்ல, பாதம் என்பது. காலுறை நாலு ஜதை என்றதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வீசிங் உள்ள பிள்ளைக்கு மட்டும் குளிர்ந்த வறண்ட காற்றே போதும், மூச்சிழுக்கும். இன்ஹேலர் சட்டைப்பையில் இல்லாமல் மலையேற வேண்டாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். “மலைப்பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடவில்லையா” என்பார் இன்னொருவர். ஓடுகிறார்கள், ராத்திரி சுவருள்ள வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். “பேசாமல் அறை எடுத்துத் தங்கினால் என்ன” என்றால், ஒரு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தன் குளிரை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத, போர்வை முகத்தில் விழுந்தால் தள்ளத் தெரியாத சிசுவுக்கு டென்ட் வேண்டாம்.

சொல்லத் தெரிந்த பிள்ளையும் சொல்லாமல் போகிற கட்டம் ஒன்று உண்டு. நடுங்கிக்கொண்டு, “குளுருதும்மா” என்று சிணுங்குகிறவரை பயமில்லை, உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் நின்று, பிள்ளை பேச்சுக் குழறி, கால் தடுமாறி, திடீரென்று சமர்த்தாக அமைதியாகிவிட்டால் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். தூங்கிவிட்டான் என்று விட்டுவிடக் கூடாது. ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த போர்வைக்குள் பெரியவர் ஒருவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் டென்ட் போடுகிற இடத்துக்கும் கார் நிற்கிற இடத்துக்கும் தூரம் அதிகம் வேண்டாம். அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்பது வெளிச்சத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் மலையில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டு கட்டிவிடும், அதற்குமுன்பே புல்லில் பனி இறங்கத் தொடங்கிவிடும். நாலரைக்குள் டென்ட் நின்றாக வேண்டும். வீட்டில் டிக்கியை அடுக்கும்போது ஜாக்கெட் பெட்டிகளை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, தார்ப்பாயையும் பாய்களையும் கடைசியாக, கதவோரமாக வையுங்கள். இறங்கியதும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடட்டும்.